லோர்னாவின் துணியும் ரோலண்டின் குடலும்

எங்கள் தார்ன்ஷா ஊரில் ரோலண்ட் ஹிண்டிலின் காதுபட, "இன்னிக்கு என்ன புட்டிங்?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடலாம்.

வட இங்கிலாந்தில் லங்காஷயரின் மற்ற வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும் சாப்பாட்டின் கடைசியில் வரும் இனிப்புக்குப் பெயர் புட்டிங். ஆப்பிள் பை வந்தாலும் புட்டிங்தான், டின்னைத் திறந்து கொட்டிய பீச் பழம் வந்தாலும் புட்டிங்தான். ரோலண்டுக்கு இது ஆகாது. மார்க்கெட்டின் வடக்கு வாசலை ஒட்டி அவர் கடை இருக்கிறது. அங்கே அவர் விற்பது கறுப்புப் புட்டிங் மட்டும்: பன்றி ரத்தம், பார்லி, கொழுப்பு, வெங்காயம் எல்லாவற்றையும் குடலில் அடைத்து, வளையமாகக் கட்டி, அண்டாவில் வேகவைத்தது. அவர் அப்பா விற்றார், அப்பாவின் அப்பாவும் விற்றார். சூடாக ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து, நடுவில் கடுகுச் சாந்தைத் தடவி, காகிதத்தில் வைத்துக் கொடுப்பார். வாங்கியவர் தின்று முடிக்கும்வரை பேசுவார். தின்பவர் வாயில் புட்டிங் இருப்பதால் மறுத்துப் பேச முடியாது.

"ஆப்பிளும் கஸ்டர்டும் புட்டிங்காம். யார் சொன்னது? குடல்ல அடைச்சு வேகவச்சாத்தான் புட்டிங். எழுநூறு வருஷமா அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். பிரெஞ்சுக்காரன்கிட்ட 'பூதென்'னு ஒண்ணு இருக்கு. அதுவும் ரத்தக்குடல்தான். அதுக்கும் பின்னால போனா லத்தீன். அங்க அதுக்குக் குட்டித் தொத்திறைச்சின்னு அர்த்தம். அந்த பூதென்தான் கடல் தாண்டி வந்து நம்ம வாயில புட்டிங் ஆயிடுச்சு. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நடுவுல எவளோ ஒருத்தி, குடல் கழுவ அலுத்துக்கிட்டு மாவைத் துணியில கட்டி வேகவச்சா. திராட்சையைப் போட்டா, சர்க்கரையைப் போட்டா. பேரை மட்டும் எங்க கடையில இருந்து தூக்கிட்டுப் போயிட்டா. இப்ப ஐஸ்கிரீமைக்கூட புட்டிங்குங்கறாங்க."

"அப்ப யார்க்ஷயர் புட்டிங்? அது அடுப்புல சுட்ட மாவுதானே, குடலும் இல்ல துணியும் இல்லையே?" என்று யாராவது கிளறுவார்கள்.

"மலைக்கு அந்தப் பக்கம் யார்க்ஷயர்ல இருக்கறவன் பேசறதையெல்லாம் நாம பேச்சுல சேர்க்கறதில்ல."

பள்ளிக்குப் போகும் வழியில் அவரிடம் மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. போன கோடையில் பள்ளியை முடித்துவிட்டேன். அவரால் நான் விட்ட பஸ்களைப் பற்றி இனி யாரும் விசாரிக்க மாட்டார்கள். அதனால் அவரைப் பற்றி நியாயமாக எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

ரோலண்டுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அறுபதுவரை கல்யாணம் ஆகவில்லை. இளமையில் நிச்சயம் வரைக்கும் ஒன்று போனதாம். அந்தப் பெண் ஒருநாள் வேலைக் கொட்டகையைப் பார்க்க ஆசைப்பட்டாள். ரோலண்ட் பெருமையோடு அண்டா மூடியைத் திறந்து காட்டினார். அவள் இப்போது நியூசிலாந்தில் இருக்கிறாள். "அதைவிடத் தூரமா போறதுக்கு நாடு இல்ல, பாவம்" என்று ரோலண்டே சொல்வார். அதற்குப் பிறகு அவர் போன ஒரே வெளியூர்ப் பயணம் பிரான்சுக்கு. அங்கே எங்கோ ஒரு ஊரில் ரத்தக்குடல் போட்டி நடந்தது. கலந்துகொண்டதற்காக எல்லோருக்கும் கொடுத்த பதக்கம் இவருக்கும் கிடைத்தது. அந்த ஊர்க் கசாப்புக்காரர் ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது, இவருக்கு பிரெஞ்சு தெரியாது. அவர் தன் குடலைத் தூக்கிக் காட்டி "பூதென்" என்றார். இவர் தன் குடலைத் தூக்கிக் காட்டி "புட்டிங்" என்றார். இருவரும் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். ஊர் திரும்பியபோது பதக்கத்தை மேஜை டிராயரில் போட்டுவிட்டார். அந்த வார்த்தையை மட்டும் இன்றுவரை கீழே வைக்கவில்லை.

இந்த விஷயத்தில் அவரை எதிர்த்து நிற்பவர் டெரிக் கெர்ஷா. முன்னாள் பஸ் டிரைவர், இப்போது மேட்டுத் தெருவில் இருக்கும் சிறு தேவாலயமான சேப்பலின் பொறுப்பாளர். குறுக்கெழுத்துப் பைத்தியம். வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் அளவுக்கு ஓர் அகராதி வைத்திருக்கிறார்.

"பூதெனும் இல்ல, பூதமும் இல்ல" என்பார் டெரிக். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னால, சாக்சன்காரங்க காலத்துலயே இதே சாயல்ல ஒரு வார்த்தை இருக்கு. வீங்கினதுன்னு அர்த்தம். உடம்புல வர்ற கழலைக்கும் அதே பேருதான். ஜெர்மனி பக்கம் இன்னிக்கும் உருண்டையா இருக்கறதை அப்படித்தான் சொல்றான்." இந்த இடத்தில் ரோலண்டின் ஏப்ரன் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும் இடத்தை உற்றுப் பார்ப்பார். "எனக்கு இதுல சந்தேகமே இல்லப்பா."

"உன் அகராதியே 'இருக்கலாம்'னுதானே போட்டிருக்கு?"

"உன் பூதெனுக்கும் அதே 'இருக்கலாம்'தான் போட்டிருக்கு."

இதற்கு மேல் இருவரிடமும் சரக்கு இல்லை. ஆனால் பேச்சு நிற்காது.

இனி லோர்னா ஹாவர்த்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறைக்குத் தலைமையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் ஃபிராங்க் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் அமெரிக்காவில், ஓஹையோவில் இருக்கிறாள். அங்கே புட்டிங் என்றால் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வரும் குளிர்ந்த கூழாம். மகள் அதைப் பேரனுக்கு ஊட்டுவதைப் போனில் பார்த்த அன்று லோர்னா முழுதாக ஒரு நாள் யாரிடமும் பேசவில்லை. ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரும் லோர்னா கையால் வெந்த புட்டிங்கைத் தின்று வளர்ந்தவர்கள். மீதம் வைத்துவிட்டு எழுந்தவர்களும் உண்டு. அவர்கள் பெயர் இன்னும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

லோர்னாவுக்கு ஊரில் இருக்கும் பெரிய மரியாதை சேப்பல் துணி. ஒவ்வொரு நவம்பரிலும் சேப்பலின் ஆண்டு விழா விருந்து நடக்கும். முதலில் சுட்ட மாவுப் புட்டிங் கிரேவியோடு வரும், பிறகு இறைச்சி. கடைசியில் பெரிய புட்டிங். மைதா, மாட்டுக்கொழுப்பு, ரொட்டித்தூள், உலர்திராட்சை, கரும்புப் பாகு எல்லாம் பிசைந்து துணியில் கட்டி, ஆறு மணி நேரம் வேகவைத்தது. இரண்டு பேர் தூக்கிவந்து, எல்லோர் கண் முன்னாலும் முடிச்சை அவிழ்ப்பார்கள். புட்டிங் உருக்குலையாமல் நின்றால் கைதட்டல். சரிந்தால் துணி வேறு கைக்குப் போய்விடும். அந்தத் துணி சேப்பலைப் போலவே பழையது, தேநீர் நிறத்தில் இருக்கும். எந்தக் காலத்திலும் அதற்குச் சோப்புப் போட்டதில்லை. கொதிநீரில் அலசிக் காயவைப்பதோடு சரி. வருஷா வருஷம் வெந்த கொழுப்பும் மாவும் இழையில் ஏறி இறுகியிருப்பதால்தான் தண்ணீர் உள்ளே போகாது. லோர்னாவுக்கு முன்னால் துணியை வைத்திருந்தவருடைய புட்டிங் ஒரு வருஷம் சரிந்தது. அந்த அம்மாவின் பெயரை இன்றும் சேப்பலில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்.

வியாழக்கிழமைகளில் லோர்னா மார்க்கெட்டுக்கு முட்டை வாங்க வருவார். முட்டைக் கடை ரோலண்டின் கடைக்கு அடுத்தது. தெற்கு வாசலிலும் முட்டை கிடைக்கும், அங்கே நல்லதாகவே கிடைக்கும். அதைப் பற்றி யாரும் லோர்னாவிடம் கேட்டதில்லை.

ரோலண்ட் அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார். முதலில் பஸ் நிறுத்தத்தில் கேட்டார். "உன் கோட்டுல இருந்து வர்ற வாடைக்கு என் வீட்டு ஜன்னலெல்லாம் பத்தாது, ரோலண்ட்" என்று பதில் வந்தது. கோட்டை மாற்றிக்கொண்டு மறுபடி கேட்டார். "கோட்டு இல்ல, ஆள்தான்" என்று பதில் வந்தது. போன வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமை, மார்க்கெட் நிரம்பி வழிந்த நேரத்தில், "லோர்னா, நான் கேட்டது என்னாச்சு?" என்று கடைக்குள்ளிருந்தே கேட்டுவிட்டார்.

லோர்னா முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கூடையில் வைத்தார். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

"சொல்றேன். உன் குடல் என்னிக்கு நம்ம சேப்பல் மேஜையில ஏறுதோ, அதைத் தின்னுட்டு ஜனங்க நல்லா இருக்குன்னு இன்னொரு துண்டு கேக்கறாங்களோ, அன்னிக்கு உன்னைக் கட்டிக்கறேன். போதுமா?"

மார்க்கெட் முழுக்கச் சிரித்தது. ஏனென்றால் சேப்பல் மேஜையில் கறுப்புப் புட்டிங்குக்கு இடமில்லை. ரத்தத்துக்கு விலகியிருக்க வேண்டும் என்று வேதத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, சேப்பலைக் கட்டிய முதல் போதகர் போட்ட விதி அது. ரோலண்ட் எத்தனையோ முறை கேட்டும் குழு அசையவில்லை.

"நான் சாட்சி" என்றார் வரிசையில் நின்ற டெரிக். "ரோலண்ட், கவலைப்படாதே. அடுத்த ஜென்மத்துல பார்த்துக்கலாம்."

ரோலண்ட் சிரிக்கவில்லை. அன்று கடுகு தடவாமலே இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார்.

போன நவம்பரில் விருந்து ஒரு சனிக்கிழமை மாலை. அன்று பகலில் நடந்ததை ரோலண்டும் லோர்னாவும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

சேப்பலுக்கு அது நூற்றைம்பதாவது ஆண்டு. விருந்து இல்லாத நாட்களில் துணி இருக்கும் சேப்பல் அலமாரியின் சாவி டெரிக்கிடம். முந்தின நாள் அவர் துணியை மெல்லிய தாளில் சுற்றி, நீல ரிப்பன் கட்டி, லோர்னா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ஆண்டு விழா மரியாதை போலிருக்கிறது என்று லோர்னா அப்படியே வைத்துவிட்டார். சனிக்கிழமை காலை எல்லாம் பிசைந்து முடித்து, துணியை நனைக்கப் பிரித்தார். துணி வெள்ளையாக இருந்தது. கொதிநீரில் போட்டதும் நுரை பொங்கி அடுப்பில் வழிந்தது. சமையலறை முழுக்க லாவெண்டர் வாசனை.

லோர்னா டெரிக்குக்குப் போன் செய்தார்.

"டெரிக், துணியை என்ன பண்ணின?"

"கவனிச்சியா? மெஷின்ல போட்டேன் லோர்னா. ரெண்டு தடவை. கடைசியில வாசனைத் தண்ணியும் ஊத்தினேன். நூத்தம்பது வருஷ அழுக்கு, போகவே மாட்டேன்னுச்சு."

லோர்னா போனை வைத்துவிட்டார். பதில் சொல்லியிருந்தால் சேப்பலுக்குப் போகும் ஒருவர் சொல்லக்கூடாததைச் சொல்லியிருப்பாராம்.

துணியைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தார். அதன் ஒரு மூலையில் கொஞ்சம் மாவை முடிந்து வேகவைத்துத் தின்று பார்த்தார். "குளியலறையைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். அது மட்டுமில்லை, இழைகள் விட்டுப்போய் மாவுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அவர் வீட்டுத் துண்டுகளெல்லாம் பாதி நைலான். புதுத் துணி வாங்கினாலும் பல முறை கொதிக்கவைத்துப் பழக்காமல் பயன்படாது. கிண்ணத்தில் ஊற்றி அவிக்கலாம். ஆனால் கிண்ணத்தில் வந்தால் அது சேப்பல் புட்டிங் இல்லை, முடிச்சு அவிழ்ப்பதற்கும் எதுவும் இருக்காது. மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரம் வேறு வேகவேண்டும்.

மாவுக் கையோடு மார்க்கெட்டுக்கு நடந்தார். முட்டைக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போய் ரோலண்ட் முன்னால் நின்றதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்பது மட்டும் அப்போது யாருக்கும் கேட்கவில்லை.

"உன்கிட்ட பெரிய குடல் இருக்கா?"

"எவ்ளோ பெருசு?"

"நாப்பது பேருக்கு."

மாட்டுப் பெருங்குடலின் முனையில் ஒரு பக்கம் மூடிய பை ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்குக் கடை முகப்பில் தொங்கவிடும் பெரிய புட்டிங்குக்காக அப்படி ஒன்றை ரோலண்ட் உப்பில் போட்டு வைத்திருந்தார். கேள்வி எதுவும் கேட்காமல் கடையின் மறைப்பை இழுத்துவிட்டார். அதற்கு முன் சனிக்கிழமை மதியம் அந்தக் கடை மூடியது அவர் அப்பா செத்த அன்றுதான் என்று சொல்கிறார்கள்.

லோர்னா வீட்டு வாசற்படியைத் தாண்டி அவர் உள்ளே போனது அதுதான் முதல்முறை. ஏப்ரனையும் பூட்ஸையும் வெளியே கழற்றச் சொல்லிவிட்டார் லோர்னா. வாளியும் கையுமாக, ஓட்டைக் காலுறையோடு நின்றார் ரோலண்ட். குடலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, உப்பும் வினிகரும் போட்டுத் தேய்த்துக் கழுவினார். லோர்னா குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"ஒரு வாடையும் இல்லையே."

"நீ சொல்ற வாடை ரத்தத்தோடதும்மா. குடல் பாவம், அது என்ன பண்ணுச்சு?"

"மாட்டுக்கொழுப்பை வருஷா வருஷம் போடறேன், எல்லாரும் தின்னுட்டுத்தான் இருக்காங்க" என்றார் லோர்னா, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "அதே மாடுதானே."

"அதே மாடுதான். கொஞ்சம் பின்னால தள்ளி."

லோர்னா மாவை அடைத்தார். ரோலண்ட் மேலே இடம்விட்டு நூலால் கட்டினார். வேகும்போது ஊதும், இடம் இல்லாவிட்டால் வெடித்துவிடும். பானையில் இறக்கி, கொதிக்காமல் ததும்பும் அளவுக்குத் தீயை வைத்து, ஊசியால் அங்கங்கே குத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது பருத்து மேலே மிதந்தது.

"வீங்குது பாரு" என்றார் லோர்னா. "டெரிக் சொன்னதுதான் சரி போல."

ரோலண்ட் வாயைத் திறந்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் லோர்னா கரண்டியைக் கீழே வைத்தார்.

"இங்க பாரு. இதைப் பத்தி ஒரு வார்த்தை வெளிய போகக்கூடாது. துணியில வேகாத புட்டிங்கை மேஜையில வச்சேன்னு தெரிஞ்சா துணி என் கையை விட்டுப் போயிடும்."

"சரி."

"மார்க்கெட்ல நான் சொன்ன பேச்சும் இதுல சேராது."

ரோலண்ட் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தைச் சொல்லும்போது லோர்னா கொஞ்சம் தயங்கினார். ரோலண்ட் இதை என்னிடம் சொல்லவே இல்லை, நான் கேட்டபோது ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"சரி" என்றார் ரோலண்ட்.

மாலையில் சேப்பல் கூடம் நிரம்பியிருந்தது. நானும் அம்மாவும் ரோலண்டுக்கு எதிர் மேஜையில் இருந்தோம். மாவுப் புட்டிங் வந்தது, இறைச்சி வந்தது. பிறகு பெரிய புட்டிங்கை வெள்ளைத் துணியில் கட்டித் தூக்கிவந்தார்கள். குடலை உரித்துவிட்டு, கூடத்துக்குள் கொண்டுவரும் நேரத்துக்கு மட்டும் துணியைச் சுற்றியிருந்தார் லோர்னா. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. முடிச்சு அவிழ்ந்தது. புட்டிங் பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. நின்றது என்பதைவிடப் படுத்திருந்தது என்று சொல்லலாம்.

"இந்த வருஷம் என்ன நீளமா இருக்கு?" என்றார் ஒருவர்.

"நூத்தம்பது வருஷம் ஆச்சுல்ல, வளர்ந்திருக்கும்" என்றார் டெரிக்.

கைதட்டினார்கள். லோர்னா வெட்டிக் கொடுத்தார். உண்மையைச் சொல்கிறேன், நான் அதுவரை சேப்பல் புட்டிங்கை விரும்பித் தின்றதில்லை. ஓரம் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். இந்த முறை ஓரத்திலும் நடுவிலும் ஒரே மாதிரி இறுக்கம், ஒரே மாதிரி இனிப்பு. தட்டுகள் திரும்ப வரத் தொடங்கின. போதகர் தட்டு முதலில் வந்தது. என் அம்மா ஜாடையில் இன்னொரு துண்டு கேட்டாள்.

எல்லோரும் கவனித்த இன்னொரு விஷயம், ரோலண்ட் பேசவில்லை. புட்டிங் மேஜைக்கு வந்த பிறகும் பேசவில்லை. டெரிக் வேண்டுமென்றே அவர் பக்கம் குனிந்தார்.

"பாரு ரோலண்ட், எப்படி ஊதியிருக்கு. வீங்கினது. சாக்சன் வார்த்தை. ஒத்துக்க."

"இருக்கலாம்" என்றார் ரோலண்ட்.

அந்த மேஜையில் கரண்டிகள் நின்றுவிட்டன. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி ரோலண்டின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையாப்பா?"

"நல்லாத்தான் இருக்கேன்." முகம் மட்டும் பீட்ரூட் போலச் சிவந்திருந்தது. லோர்னா கத்தியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. ஆனால் டெரிக் எழுந்து தண்ணீர்க் கோப்பையைக் கரண்டியால் தட்டினார்.

"பெருமைக்காகச் சொல்லல. இந்த வருஷப் புட்டிங் இதுவரைக்கும் வந்ததுலயே சிறந்ததுன்னு எல்லாருமே சொல்றாங்க. ஒரு லேசான பூ வாசனை, ஒரு சுத்தமான ருசி. காரணம் என்னன்னு எனக்குத் தெரியும். நான்தான் துணியைத் துவைச்சேன். நம்ம முன்னோர் பயந்துபயந்து நூத்தம்பது வருஷம் அழுக்கைத் தின்னிருக்காங்க. இனிமே ஒவ்வொரு வருஷமும் துணியை லாவெண்டர் போட்டுத் துவைக்கணும்னு தீர்மானம் கொண்டுவர்றேன். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

கைகள் உயர ஆரம்பித்தன. போதகர்கூட, வாயில் இருந்ததை மென்றுகொண்டே பாதி தூக்கினார்.

"இறக்குங்க" என்றார் லோர்னா. பள்ளிக்கூடச் சமையலறைக் குரல் அது. எல்லாக் கையும் இறங்கியது. "அந்தத் துணியில வேகவச்சிருந்தா இந்நேரம் எல்லாரும் வாயில நுரை தள்ளிட்டு உக்காந்திருப்பீங்க. துணியை அவன் கெடுத்துட்டான். இந்தப் புட்டிங் வெந்தது குடல்ல."

எல்லோரும் கரண்டியைத் தட்டில் வைத்தார்கள்.

"யாரோட குடல்?" என்று கேட்டார் போதகர். பதற்றத்தில் கேட்ட கேள்வி.

"மாட்டோடது, ஐயா. ரோலண்ட் கொடுத்தது. அவரே கழுவி, அவரே கட்டினது."

"ரத்தம்?"

"ஒரு சொட்டு இல்ல. வேதத்துல குடலைப் பத்தி ஏதாவது இருக்கா?"

போதகர் யோசித்தார். தன் தட்டைப் பார்த்தார். "இல்லன்னுதான் நினைக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மீதியைக் கரண்டியில் எடுத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கரண்டியை எடுத்தார்கள். டெரிக் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் உட்கார்ந்து, அவரும் எடுத்தார்.

"புட்டிங் சரிஞ்சு விழல" என்றார் லோர்னா. "அதனால விதிப்படி துணி என்கிட்டதான் இருக்கணும். ஆனா துணியில வேகவைக்கல. நான் வச்சிருக்க வேணாம்னா சொல்லுங்க, கொடுத்துடறேன்."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்வரிசையில் ஒரு தட்டு நீண்டது. "இன்னொரு துண்டு இருக்கா, லோர்னா அக்கா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வியாழக்கிழமைப் பேச்சு ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்தது. எங்கிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை, தலைகள் எல்லாம் மெதுவாக ரோலண்ட் பக்கம் திரும்பின. அவர் தட்டில் இருந்த திராட்சை ஒன்றைக் கரண்டியால் அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மேஜையில ஏறிடுச்சு" என்றார் டெரிக். இப்போது அவர் குரலில் கிண்டல் குறைவு. "இன்னொரு துண்டும் கேட்டாச்சு. நான் சாட்சின்னு சொல்லியிருக்கேன், லோர்னா. என்னை வேற வழியில்லாம பண்ணிட்ட."

லோர்னா கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு ரோலண்டுக்கு எதிரே வந்து நின்றார்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?"

"இது சேராதுன்னு நீதானே சொன்ன."

"நான் சொன்னேன். நீ எதுக்கு சரின்ன?"

"துணி போயிடும்னியே."

லோர்னா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தட்டில் இருந்த அந்தத் திராட்சையை எடுத்துத் தின்றார்.

"நவம்பர், டிசம்பர் எனக்கு வேலை இருக்கு" என்றார் பிறகு. "ஜனவரியில வச்சுக்கலாம். ஏப்ரனும் பூட்ஸும் வாசல்லயே கழட்டணும், இன்னிக்குக் கழட்டின மாதிரி. அந்தக் காலுறையைத் தூக்கிப் போடு."

ரோலண்ட் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், கடுகுக் காரம் என்றார். மேஜையில் கடுகே இல்லை. பிறகு தொண்டையைச் செருமினார். எங்கள் எல்லோருக்கும் அந்தச் செருமல் தெரியும்.

"ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். அந்தக் காலத்துல இந்த இனிப்புப் புட்டிங்கூட முதல்ல குடல்லதான்..."

"முதல்ல சாப்பிடு" என்றார் லோர்னா.

அவர் சாப்பிட்டார். அவர் பேச்சைக்கூட ஒருவரால் பாதியில் நிறுத்த முடியும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கல்யாணம் ஜனவரியில் எளிமையாக நடந்தது. கேக் கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னால் கறுப்புப் புட்டிங், பின்னால் இனிப்புப் புட்டிங். ஓஹையோவிலிருந்து வந்த பேரன் இரண்டையும் பார்த்துவிட்டு, புட்டிங் எங்கே என்று கேட்டான். ரோலண்ட் அவனைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார், பையன் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

டெரிக் பரிசாகக் கொண்டுவந்தது ஒரு முழ அகலத்துக்குப் புதிய முரட்டுத் துணி. இந்த முறை தாளும் இல்லை, ரிப்பனும் இல்லை.

"சத்தியமா சோப்புப் போடல" என்றார்.

லோர்னா அதை வாங்கி, கல்யாண உடையோடு, எல்லோர் முன்னாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நன்றி சொன்னார்.